பிஏ இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமாளிக்க என்ன பேஸ் ஆம்ப் வாங்கலாம்?

ஐந்துதந்தி:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து தந்தி பேஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது, ஒரு வருடமாக மேடையிலும் வாசிக்கிறேன். டிரம்ஸ், எலக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு, ஒரு பாடகி, அப்புறம் நான். என்னிடம் இருப்பது 100 வாட் கோம்போ, அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில், உள்ளே ஒரே ஒரு பத்து இன்ச் ஸ்பீக்கர். வீட்டில் அதைக் கால்வாசி திறந்தாலே ஜன்னல் அதிரும்.

போன வாரம் ஒரு நடுத்தர ஹாலில் வாசித்தோம். பிஏவில், அதாவது கூட்டத்துக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர் சிஸ்டத்தில், பாட்டும் கீபோர்டும் மட்டும்தான், மிக்சரில் வேறு சேனல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஆம்ப் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டாவது பாட்டிலேயே வால்யூமை முழுக்கத் திருகியாகிவிட்டது, பேஸ் நாப்பையும் கடைசி வரை. அதற்கு மேல் சத்தம் கூடவில்லை. கீழ் பி தந்தியைத் தொடும்போதெல்லாம் சுரம் வராமல், அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஒரு 'பட் பட்' மட்டும் வந்தது. பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நண்பன் முடிந்ததும் வந்து, "நீ கையை அசைக்கிறது தெரிஞ்சுது, என்ன வாசிக்கிறேன்னு தெரியலடா" என்றான். இரண்டு மாதம் உழைத்த பாட்டுகள், அதனால் மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

அடுத்து வரும் நிகழ்ச்சிகள் கலவையானவை. சில இடங்களில் பெரிய பிஏ இருக்கும், சில இடங்களில் பாட்டுக்கு மட்டும் இரண்டு ஸ்பீக்கர், ஒன்றிரண்டு திறந்தவெளி. எல்லாவற்றுக்கும் ஒரே செட் போதுமா? 300 வாட்டா, 500ஆ, 800ஆ? ஒரு பதினைந்து இன்ச் ஸ்பீக்கர் நல்லதா, நான்கு பத்து இன்ச் நல்லதா? நல்ல பிஏ இருந்தால் ஆம்ப்பே தேவையில்லை என்று எங்கள் கிட்டாரிஸ்ட் சொல்கிறார், அது சரியா? சின்ன கார்தான், பின்சீட்டில் ஏற்ற வேண்டும். பிராக்டிஸ் ரூம் இரண்டாவது மாடியில் இருக்கிறது, படிக்கட்டுதான்.

அடித்தந்தி:

தம்பி, முதலில் அந்த 'பட் பட்' பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்ற கேள்விகளுக்கு அதிலேயே பாதி பதில் இருக்கிறது. நாலு தந்தி பேஸின் கீழ் ஈ 41 ஹெர்ட்ஸ், உங்கள் கீழ் பி 31 ஹெர்ட்ஸ். ஒரே அளவு சத்தம் வர வேண்டும் என்றால், சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும்போது ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் போய்வரும் தூரம் நாலு மடங்காக வேண்டும். ஒற்றைப் பத்து இன்ச் கோனுக்கு அவ்வளவு இடம் கிடையாது. அது எல்லையில் போய் முட்டியிருக்கிறது, ஆம்ப்பும் சேர்ந்து திணறியிருக்கும். ஏற்கெனவே முழு மூச்சில் ஓடுகிற ஆம்ப்பில் பேஸ் நாப்பைக் கடைசி வரை வேறு திருகியிருக்கிறீர்கள். 10 டெசிபல் ஏற்றுவது என்றால் அந்த அலைவரிசையில் பத்து மடங்கு பவர். 100 வாட்டிடம் 1000 வாட் கேட்டிருக்கிறீர்கள், பாவம் அது எங்கே போகும்.

மறுபடி அதே கோம்போவோடு மாட்டிக்கொண்டால் உல்டாவாகச் செய்யுங்கள். பேஸ் நாப்பை நடுவுக்குக் கீழே இறக்கி, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான மிட்டைக் கொஞ்சம் ஏற்றி, அதற்கு அப்புறம் வால்யூம். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். பேண்டோடு சேரும்போது என்ன சுரம் என்று காதுக்குச் சொல்வது அந்த மிட்தான். சுரத்தோடு கூடவே மேலே ஒலிக்கும் ஹார்மானிக்ஸ் தெளிவாகக் கேட்டால், அடியில் குறைந்திருப்பதை மூளையே நிரப்பிக்கொள்ளும். நான் முதல்முறை இப்படிச் செய்தபோது பாட்டின் நடுவிலேயே டிரம்மர் சட்டென்று தலையைத் திருப்பி என் ஆம்ப்பைப் பார்த்தார். அதுவரை அவர் என் விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தாராம், அன்றைக்குத்தான் காதில் விழுந்ததாம். வீட்டில் தனியாக உட்கார்ந்து மெல்லிய சத்தத்தில் வைக்கிற ஈக்யூ, அதாவது பேஸ், மிட், ட்ரெபிள் செட்டிங், மேடைக்கு உதவாது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடிச்சுரங்கள் குறைவாகவே கேட்கும், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிய விஷயம் இது. அதனால்தான் வீட்டில் எல்லோரும் பேஸை ஏற்றி மிட்டை வெட்டி வைத்துக்கொள்கிறோம், மேடையில் அதே செட்டிங் காணாமல் போகிறது.

வாட் விஷயத்தில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பவர் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும். 500க்கும் 800க்கும் இடையே இருப்பது 2 டெசிபல், கூட்டத்தில் நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதுதான் கேள்வி, அதில் இரண்டு பன்னிரண்டு இன்ச் ஸ்பீக்கர்களின் பரப்பு ஒரு பதினைந்தைவிட அதிகம். பதினைந்து இன்ச் என்றாலே அடி ஆழமாக வரும் என்பதும் அப்படியே நம்பக்கூடியது இல்லை. பெட்டியின் அளவும் ஸ்பீக்கரின் வடிவமைப்பும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான அடி, குறைந்த பவரில் நிறைய சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். யாராவது மூன்றும் தருகிறேன் என்றால் ஒன்றில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உங்கள் நிலைமைக்கு நான் வாங்குவது இதுதான்: 4 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு) 500 வாட் தருகிற கிளாஸ் டி ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத எடை குறைந்த ஆம்ப் ஒன்று, இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், தோள்பையில் போய்விடும். அதோடு ஒரே கம்பெனியின் ஒரே மாடல், ஆளுக்கு 8 ஓம், பன்னிரண்டு இன்ச் கேப் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டு. முதலில் ஒன்று, கை கொடுக்கும்போது இரண்டாவது. நியோடிமியம் காந்தம் போட்ட ஸ்பீக்கர் என்றால் ஒவ்வொன்றும் 15 கிலோ பக்கம் வரும், ஒரு கைக்கு ஒன்றாகப் படியேறலாம். பிஏ பேஸைத் தாங்கும் இடத்துக்கு ஒரு கேப், தாங்காத இடத்துக்கு இரண்டு. இரண்டாவதைச் சேர்த்ததும் மொத்தம் 4 ஓம் ஆகி ஹெட் முழு பவரையும் கொடுக்கும், காற்றைத் தள்ளும் பரப்பும் இரட்டிப்பாகும், மொத்தத்தில் 5, 6 டெசிபல் வரை ஏறும். அது காதுக்குத் தெரிகிற ஏற்றம்.

பழைய ஆட்கள் பத்து இன்ச் ஸ்பீக்கர் எட்டு போட்ட ஆளுயரப் பெட்டிகளை ஏன் சுமந்தார்கள் என்று கேட்டால், அப்போது பிஏ பெரும்பாலும் பாட்டுக்குத்தான். ஆம்பெக் கம்பெனியின் எஸ்விடி 1969இல் வந்தபோது 300 வாட் வால்வு ஹெட், அந்த வருட ரோலிங் ஸ்டோன்ஸ் டூரில்தான் முதலில் பெரிய மேடை கண்டது. ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். இன்றும் அந்தச் சத்தம் எனக்கு உயிர். ஆனால் இரண்டாவது மாடிக்கு ஏற்றச் சொன்னால் வரமாட்டேன்.

மிக்சர்மேஜை:

நான் பேஸ் வாசிப்பவன் இல்லை, மிக்சருக்குப் பின்னால் நிற்பவன். ஐந்துதந்தி, நீங்கள் 'பிஏ இருக்கிறதா' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறீர்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கேட்க வேண்டியது, 'சப்வூஃபர் இருக்கிறதா, அதில் பேஸுக்கு இடம் உண்டா' என்று. சப்வூஃபர் என்றால் அடிச்சுரங்களுக்கான தனி ஸ்பீக்கர். கம்பத்தின் மேல் இரண்டு பன்னிரண்டு இன்ச் பிளாஸ்டிக் ஸ்பீக்கரை மட்டும் வைத்துக்கொண்டு 'ஃபுல் பிஏ' என்பார்கள். அதில் ஏற்கெனவே பாட்டு போகிறது, கிக் டிரம்மும் போகலாம். அதற்குள் உங்கள் 31 ஹெர்ட்ஸையும் திணித்தால் முதலில் கெடுவது பாடகியின் குரல். அந்த மாதிரி இடத்தில் நான் பேஸின் லைனை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு மேல்பகுதியை மட்டும் பிஏவுக்கு அனுப்புவேன். அடிப்பகுதி முழுக்க உங்கள் கேப்தான் சுமக்க வேண்டும். இந்த நடுத்தர நிலைமைக்குத்தான் நிறைய பேர் தயாராக வருவதில்லை. பிஏவே இல்லாத இடத்துக்கு இரண்டு கேப் கொண்டுவருவார்கள், இங்கே 'பிஏ இருக்கே' என்று சின்னக் கோம்போவோடு வந்து நிற்பார்கள்.

சப் இருக்கிற பெரிய சிஸ்டமாக இருந்தால் கதை தலைகீழ். அங்கே உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்மருக்குமான மானிட்டர் மட்டுமே. 41 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல், அது ஸ்பீக்கர் பார்க்கிற திசையில் மட்டும் போகாது, எல்லாப் பக்கமும் பரவிப் பாடகியின் மைக்குக்குள்ளும் நுழையும். மேடையில் நீங்கள் சத்தமாக வைத்துவிட்டால் நான் வெளியே பேஸ் சேனலை மூடினால்கூட ஹாலில் பேஸ் ஓடிக்கொண்டிருக்கும், தெளிவில்லாமல். அதனால் அங்கே ஒரு கேப், அதையும் தரையில் வைக்காமல் காது உயரத்துக்குத் தூக்கி ஒரு உறுதியான ஸ்டாண்டில் வையுங்கள். தரையில் வைத்தால் மிட்டும் ட்ரெபிளும் உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும். உங்களுக்குக் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவீர்கள், முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார்.

அப்புறம் டிஐ, அதாவது ஆம்ப்பிலிருந்து நேராக மிக்சருக்குப் போகும் லைன். ஹெட்டின் பின்னால் எக்ஸ்எல்ஆர் அவுட் இருக்கும், பக்கத்தில் ப்ரீ, போஸ்ட் என்று ஒரு சுவிட்ச். தயவுசெய்து ப்ரீயில் வையுங்கள். போஸ்ட்டில் வைத்தால் மேடையில் உங்கள் வசதிக்கு நீங்கள் திருப்புகிற ஈக்யூ அத்தனையும் என் மிக்சருக்கும் வரும், மூன்றாவது பாட்டில் நீங்கள் பேஸைக் கொஞ்சம் ஏற்றினால் வெளியே ஹாலே குலுங்கும். டிஸ்டார்ஷன் மாதிரி உங்கள் சத்தத்தின் பகுதியாகவே ஏதாவது இருந்தால் அதைப் பெடலில் வைத்துக்கொள்ளுங்கள், ப்ரீயிலேயே வந்துவிடும். ஹம் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்சைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று, ஹை பாஸ் ஃபில்டர் உள்ள ஹெட்டாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பெடலாகக் கிடைக்கும். 35, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பி தந்தியே போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. பி தந்தியில் நமக்குக் கேட்பதில் பெரும்பங்கு 62, 93 ஹெர்ட்ஸ் என்று மேலே இருக்கும் ஹார்மானிக்ஸ்தான். வெட்டினால் கோன் வெறுமனே ஆடுவது நிற்கும், அதே கேபில் இன்னும் கொஞ்சம் சத்தம் கிடைக்கும்.

பையில்பெடல்:

உங்கள் கிட்டாரிஸ்ட் சொல்வது பாதி சரி. நான் ஒரு வருடம் ஆம்ப் இல்லாமலே வாசித்தேன். ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் போலச் செய்யும் கேப் சிமுலேஷன் உள்ள ப்ரீஆம்ப் பெடல், அதிலிருந்து நேராக மிக்சருக்கு, காதில் இன்இயர் மானிட்டர். நல்ல சவுண்ட்காரர் இருந்த இடத்திலெல்லாம் சுகமாக இருந்தது, முதுகுவலி போயிற்று. ஒரு நிகழ்ச்சியில் மேடை மானிட்டர் லைன் முழுக்கப் போய்விட்டது. இன்இயரில் ஒன்றுமில்லை, கழற்றினால் கிக் டிரம் மட்டும் கேட்கிறது. இரண்டு பாட்டு டிரம்மரின் காலைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். நான் சரியான ஸ்கேலில் இருக்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. அந்த இரண்டு பாட்டு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டு இன்ச் பவர்டு ஸ்பீக்கர் ஒன்று வண்டியிலேயே இருக்கிறது. பெடலின் இன்னொரு அவுட் அதற்குப் போகும், மானிட்டருக்கு அது போதும். ஆனால் பிஏ இல்லாத இடத்தில் டிரம்ஸோடு மல்லுக்கட்ட அந்த ஒரு ஸ்பீக்கரால் முடியாது, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்துதந்தி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அடித்தந்தி அண்ணா, அந்த மிட் விஷயத்தை நேற்றே பிராக்டிஸில் செய்து பார்த்தேன், பாடகி "இன்னைக்கு நீ வாசிச்சது நல்லா புரிஞ்சுது" என்றாள்.

ஒரு சந்தேகம். தெரிந்த அண்ணன் ஒருவர் தன் பழைய நான்கு பத்து இன்ச் கேபை எடுத்துக்கொள் என்கிறார், பின்னால் 4 ஓம் என்று போட்டிருக்கிறது. ஹெட்டும் புதிதாக 8 ஓம் பன்னிரண்டு இன்ச் கேப் ஒன்றும் வாங்கி, பெரிய இடத்துக்கு இரண்டையும் சேர்த்து மாட்டலாமா? கேபை மேடையில் எங்கே வைப்பது என்பதற்கும் ஏதாவது கணக்கு இருக்கிறதா?

ஓம்கணக்கு:

சேர்த்து மாட்டாதீர்கள். 8ம் 8ம் சேர்ந்தால் 4, அது சரி. 8ம் 4ம் இணையாகச் சேர்ந்தால் 2.67 ஓம். பெரும்பாலான கிளாஸ் டி ஹெட்டுகளுக்குக் குறைந்தபட்சம் 4 ஓம் என்று பின்னாலேயே எழுதியிருக்கும். அதற்குக் கீழே போனால் நல்ல ஹெட் தன்னை அணைத்துக்கொள்ளும், அதுவும் பாட்டின் உச்சத்தில்தான் அணையும், ஏனென்றால் அப்போதுதான் கரண்ட் அதிகம் இழுக்கும். 2 ஓம் வரை தாங்குகிற ஹெட்டுகளும் உண்டு, அதில் மாட்டினாலும் பவரில் மூன்றில் இரண்டு பங்கு 4 ஓம் கேபுக்கே போகும், பன்னிரண்டு இன்ச் பாவமாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் வேறு வேறு வடிவமைப்பு என்பதால் சில அலைவரிசைகளில் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளவும் செய்யும். அந்த 4 ஓம் கேபைத் தனியாக மாட்டுங்கள், 500 வாட்டும் அதற்கே கிடைக்கும், திறந்தவெளியில் டிரம்ஸுக்கு ஈடு கொடுக்கும். சின்ன இடத்துக்குப் பன்னிரண்டு இன்ச் தனியாக, 8 ஓமில் ஹெட் பாதி பவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும், போதும். பழைய கேப் என்பதால் முதலில் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் காதை வைத்துக் கேளுங்கள். கோனை விரல் நுனியால் மெல்ல அழுத்தும்போது உள்ளே உரசுகிற சத்தம் வந்தால் அந்த ஸ்பீக்கரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) போய்விட்டது.

ஹெட்டில் இருந்து கேபுக்கு ஸ்பீக்கர் கேபிள்தான் போக வேண்டும், ஸ்பீக்கான் முனை என்றால் நல்லது, பூட்டிக்கொள்ளும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று கிட்டார் கேபிளை மாட்டிய ஒரு நண்பரின் கேபிளை நான் கழற்றியிருக்கிறேன், ரப்பர் இளகிக் கையில் ஒட்டியது. உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பி, அத்தனை கரண்ட்டை எப்படித் தாங்கும். வால்வு ஹெட் யாராவது இரவல் கொடுத்தால், கேப் இல்லாமல் ஆன் செய்யவே கூடாது, ஓம் செலக்டரும் கேபோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இடத்துக்கு வருகிறேன். கோனுக்கும் பின்சுவருக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் 86 ஹெர்ட்ஸ் பக்கம் நேர்ச் சத்தத்தை அடித்துவிடும். டி தந்தி மூன்றாவது பிரெட்டில் இருக்கும் எஃப் கிட்டத்தட்ட அதுதான், அந்த ஒரு சுரம் மட்டும் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தப் பள்ளம் மேலே நகர்ந்துவிடும், அடிச்சுரங்கள் தப்பிக்கும். பிஏ இல்லாத ஹாலில் சுவர் ஓரம், இன்னும் வேண்டுமானால் மூலை. மூலையில் இலவசமாகவே சத்தம் ஏறும், ஆனால் கொழகொழவென்று ஆனால் இழுத்துவிடுங்கள். திறந்தவெளியில் சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். பதினாறு மீட்டரில் நிற்பவருக்கு, ஒரு மீட்டரில் நிற்கும் உங்களுக்குக் கேட்பதைவிட 24 டெசிபல் குறைவு. அங்கே எந்தக் கேபும் தனியாகக் கூட்டத்தை நிரப்பாது, சப் கேளுங்கள்.

பின்னால் எப்போதாவது ஒரே மாதிரி இரண்டு கேப் வாங்கினால் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். பக்கவாட்டில் வைத்தால் ஹாலில் ஓர் அடி நகர்ந்தாலே மிட் மாறும். அடுக்கினால் மேல் கேப் உங்கள் காதுக்கும் பக்கமாக வரும்.

ஐந்துதந்தி:

ஹெட் வாங்கிவிட்டேன், 4 ஓமில் 500 வாட். ப்ரீ, போஸ்ட் சுவிட்ச் இருக்கிறது, ஹை பாஸ் ஃபில்டரும் உள்ளேயே இருக்கிறது. அந்த நான்கு பத்து இன்ச் கேபை எடுத்துவந்தோம், 30 கிலோவுக்கு மேல் இருக்கும், டிரம்மரும் நானும் படிக்கட்டில் மூன்று இடத்தில் இறக்கி வைத்து வைத்து ஏற்றினோம். நான்கு கோனும் நன்றாக இருக்கின்றன. எல்லோரும் வாசிக்கும்போது நீளமான கேபிளை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வராந்தாவின் கடைசிக்குப் போய் நின்றேன். கீழ் பி என்ன சுரம் என்று அங்கேயும் தெரிந்தது. வால்யூம் பாதியைத் தாண்டவில்லை.

ரூமுக்குள் மட்டும் ஈ தந்தி மூன்றாவது பிரெட், அந்த ஜி, மற்ற சுரங்களைவிட இரண்டு மடங்கு முழங்குகிறது. கேபைச் சுவரோரம்தான் வைத்திருக்கிறேன். ஈக்யூவில் அதைக் குறைக்கட்டுமா?

ஓம்கணக்கு:

ரூமின் அகலத்தை அளந்து பாருங்கள். அந்த ஜி 49 ஹெர்ட்ஸ், அலைநீளம் 7 மீட்டர். அகலமோ நீளமோ மூன்றரை மீட்டர் பக்கம் இருந்தால் அந்தச் சுரம் இரண்டு சுவருக்கும் நடுவில் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். அது ரூமின் வேலை, ஆம்ப்பின் வேலை இல்லை. கேபை அதே சுவரோரமாகவே ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள், குறையாவிட்டால் பக்கத்துச் சுவருக்கு மாற்றுங்கள். ஈக்யூவைத் தொட வேண்டாம், ஹாலுக்குப் போனால் அங்கே வேறு ஏதாவது சுரம் முழங்கும், இந்தச் செட்டிங்கோடு போனால் ஜியைத் தேட வேண்டியிருக்கும்.